டம்ளரில் விழுந்தவையும் சருகில் தங்கியவையும்: கோத்தகிரி மாணவர்களின் தரைவாழ் கணுக்காலி ஆய்வு

கோத்தகிரிக்கு அருகே உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் மாணவர்கள் காலாண்டு விடுமுறையை ஒட்டி ஒரு சிறு கள ஆய்வு செய்தார்கள். பள்ளிக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம். அதன் ஓரத்தில், ஊர்ப் பொதுவில் வெட்டப்படாமல் மிஞ்சிய ஒரு சோலைத் துண்டு (சோலை என்பது இங்கே நீலகிரியின் இயற்கை மலைக்காடு). இந்த இரண்டு இடங்களின் தரையிலும் பூச்சி, சிலந்தி, பூரான் போன்ற என்னென்ன கணுக்காலிகள் வாழ்கின்றன, எங்கே அதிகம் என்பதே அவர்களுடைய கேள்வி. கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் என்னை வழிகாட்டியாக அழைத்திருந்தார்கள்.

இந்த ஆய்வின் முடிவு இரண்டு முறை மாறியது. முதல் முறை அதை மாற்றியது அடையாளம் காணும் மேசை. இரண்டாம் முறை மாற்றியது ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு. பள்ளியில் இத்தகைய வேலையைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு அந்த மாற்றங்கள் நடந்த விதம் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இடம்

கோத்தகிரி நீலகிரியின் கிழக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதை ஒட்டிய முகடுகளும் வாங்கிக்கொள்கின்றன. இந்தப் பக்கத்துக்கு நல்ல மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான். செப்டம்பர் கடைசியில் மண்ணில் ஈரம் இருக்கும். ஆனால் குழி தோண்டினால் நீர் நிற்காது. அதனால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

தேயிலைத் தரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வரிசைகளுக்கு இடையில் பறிப்பவர்கள் நடந்து இறுகிய தடம், அங்கங்கே சில்வர் ஓக் மரத்தின் காய்ந்த இலைகள், களை கொத்திய மண். சோலைத் தரை வேறு மாதிரி. மேலே முழு இலைகள். அவற்றை விலக்கினால் நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள். அதற்கும் கீழே, இலை என்று சொல்ல முடியாத கறுப்பு மட்கும் அதைப் பின்னிய மெல்லிய வேர்களும். இந்த மூன்று அடுக்கையும் மாணவர்கள் கையால் பிரித்துப் பார்த்தபோது யாரும் அதை முக்கியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் எல்லாம் அதில்தான் வந்து நின்றது.

பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறதே, அங்கே போகலாமே என்று மாணவர்கள் கேட்டார்கள். 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலை 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தருவது. ஆனால் அது காப்புக்காடு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஒரு வண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. 'பள்ளி மாணவர்கள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சேகரிப்பைக் கற்றுக்கொள்ளும் முதல் நாளிலேயே அனுமதியையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஊர்ப் பொதுநிலத்தின் சோலைத் துண்டுக்கு ஊர்ப் பெரியவர்களிடமும், தேயிலைத் தோட்டத்துக்கு அதன் உரிமையாளரிடமும் தலைமையாசிரியர் எழுதி வாங்கினார்.

ஒரு மாணவர் கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்பையும் மூன்றாவது இடமாகச் சேர்க்க விரும்பினார். நல்ல யோசனைதான். 1843-இல் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்த மரமும் சீகை மரமும் இந்த மலையின் தரையை எப்படி மாற்றின என்பது கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பொறிகள் குறைவு. மூன்றாகப் பங்கிட்டால் எந்த இடத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாமல் போகும். அதனால் விட்டுவிட்டோம்.

கோத்தகிரித் தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் சாதாரணமாக நடமாடுகின்றன. அதிகாலையும் மாலையும் யாரும் களத்துக்குப் போவதில்லை, காலை பத்து மணிக்கு முன் தோட்டத்தில் இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். இன்னொரு கட்டுப்பாடு மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை: புல்லில் உட்காரக் கூடாது, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகியிருக்க வேண்டும். காரணத்தை மேசைப் பகுதியில் சொல்கிறேன்.

டம்ளர்

தரையில் ஓடும் உயிர்களைப் பிடிக்க உலகம் முழுவதும் பயன்படுவது குழிப்பொறி. வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி ஒரு பாத்திரத்தை மண்ணில் புதைக்க வேண்டும். நடந்து வரும் உயிர் அதில் விழும். வழக்கமாகப் பிளாஸ்டிக் கோப்பைதான் பயன்படுத்துவார்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. காகிதக் கோப்பை ஓர் இரவு ஈரத்தில் நெகிழ்ந்துவிடும். மாணவர்களே வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் அலமாரியின் அடியில் கிடந்த எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. வழுவழுப்பான சுவர், கழுவி மீண்டும் பயன்படுத்தலாம், கனமும் உண்டு. பிளாஸ்டிக்கைவிட இதுவே மேல் என்று சொல்வேன். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம். எல்லா டம்ளர்களின் வாயும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். அகன்ற வாயில் அதிகம் விழும் என்பதால் ஒப்பீடு கெட்டுவிடும். ஏழு சென்டிமீட்டர் வாய் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்பினோம்.

ஒவ்வோர் இடத்திலும் பத்து டம்ளர், ஐந்து மீட்டர் இடைவெளியில் ஒரே கோட்டில். விளிம்பு மண்ணுக்கு மேல் ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் சிறிய உயிர்கள் சுற்றிப் போய்விடும். எனவே விளிம்பைச் சுற்றி மண்ணை விரலால் அழுத்திச் சமன் செய்வதிலேயே அந்த முற்பகல் கழிந்தது. மூன்று கூழாங்கற்களின் மேல் ஓர் ஓட்டுத்துண்டு மழைக்குக் கூரை. டம்ளருக்குள் மூன்றில் ஒரு பங்கு உப்புநீர். நீர்ப்பரப்பின் இழுவிசையை உடைக்க மணமில்லாத சோப்புக் கரைசல் சில துளிகள். சோப்பு இல்லாவிட்டால், வாலை உதைத்துத் துள்ளும் வில்வால் பூச்சி (ஸ்பிரிங்டெயில்) போன்ற எடையற்ற உயிர்கள் நீரின் மேலேயே நின்று, துள்ளி வெளியே போய்விடும். சில கையேடுகள் எத்திலீன் கிளைக்கால் ஊற்றச் சொல்கின்றன. நாயும் காட்டுவிலங்கும் வந்து நக்கக்கூடிய இடத்தில் அந்த நஞ்சை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

டம்ளர் வாயின் மேல் ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலைத் துண்டு வைத்தோம். சோலைச் சருகில் கட்டைவிரல் நகம் அளவுத் தவளைகள் உண்டு. அவை உப்புநீரில் விழுந்து சாவதற்கு நாங்கள் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பெரிய வண்டுகள் சில விழாமல் போகலாம். அந்த இழப்பு பரவாயில்லை.

புதைத்த அன்றே பொறியைத் திறக்கவில்லை. புதிதாகக் கிளறிய மண்ணைத் தேடி எறும்புகளும் வில்வால் பூச்சிகளும் கூடுதலாக வரும். அந்தக் கூட்டம் தரையின் வழக்கமான நிலையைக் காட்டாது. சில நாள் மூடி வைத்திருந்து, பிறகு நாற்பத்தெட்டு மணி நேரம் திறந்து வைத்தோம். காட்டெருமை மிதித்துத் தேயிலையில் ஒரு டம்ளர் வளைந்தது. அந்தப் பொறியைக் கணக்கிலிருந்து நீக்கி, காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதினார்கள்.

கொல்வதைப் பற்றி வகுப்பில் உண்மையாகவே வாக்குவாதம் நடந்தது. சில மாணவர்கள் எந்த உயிரையும் கொல்ல விரும்பவில்லை. அவர்களை வற்புறுத்துவதற்கு ஆய்வில் எந்த அவசியமும் இல்லை. அவர்கள் சருகைச் சலித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, உயிருடன் பார்த்து, படமெடுத்து, அதே இடத்தில் விட்டுவிடும் குழுவானார்கள். சிறியவற்றை எடுக்க உறிஞ்சுக்குழல் செய்துகொண்டார்கள்: ஒரு சிறு புட்டி, இரண்டு குழாய்கள், வாயில் வைக்கும் குழாயின் உள்முனையில் மெல்லிய துணி. வாயால் உறிஞ்சாமல் ரப்பர்க் குமிழைப் பயன்படுத்தச் சொன்னேன். எறும்புகள் பீய்ச்சும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவி தொண்டையை எரிக்கும்.

சீட்டு

தூய எத்தனால் பள்ளிகளுக்கு எளிதில் கிடைக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எழுபது விழுக்காடாக நீர்த்துப் பயன்படுத்தினோம். உருவத்தைப் பார்த்து அடையாளம் காண அது போதும்.

இடம், நாள், பொறி எண், எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் தாளில் பென்சிலால் எழுதி, புட்டிக்கு உள்ளே போட வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு கழன்றுவிடும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஒரு குழு ஜெல் பேனாவால் எழுதியிருந்தது. மறுநாள் புட்டிகளில் நீல நீரும் வெற்றுத் தாளும்தான் இருந்தன. அந்தப் புட்டிகளில் இருந்த வண்டுகள் அழகானவைதான். ஆனால் எங்கிருந்து வந்தன என்று தெரியாத வண்டைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவை இப்போது வகுப்பில் காட்சிக்கு இருக்கின்றன.

மேசை

முதலில் எந்த வழிகாட்டலும் தரவில்லை. ஒன்றுபோல் தோன்றுபவற்றை ஒரே புட்டியில் போடுங்கள், ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அறிவியல் பெயர் வேண்டாம். பெயர் தெரியாமலும் வகை பிரிக்கலாம்; உலகெங்கும் சருகு உயிர்களை ஆய்பவர்கள் பாதி நேரம் அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

இந்த முதல் சுற்றின் முடிவு தெளிவாக இருந்தது: தேயிலை டம்ளர்களில் உயிர்களின் எண்ணிக்கையும் அதிகம், வகைகளும் அதிகம். சோலை டம்ளர்கள் பாதி காலியாகத் தெரிந்தன. "சார், அப்படியானால் தேயிலைதான் நல்லதா?" என்று ஒரு மாணவி கேட்டார். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் புட்டிகளை மீண்டும் தட்டில் கொட்டச் சொன்னேன்.

தேயிலையின் 'வகைகளில்' பல எறும்புகள். அவற்றில் இரண்டு எண்களை அருகருகே வைத்தோம். ஒன்று சிறியது, மெலிந்தது. மற்றொன்றுக்கு உடலோடு பொருந்தாத பெரிய தலை. யார் பார்த்தாலும் வேறு வேறு என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டும் ஃபைடோல் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஒரே எறும்பின் இரண்டு வேலைக்காரப் பிரிவுகள். பெரிய தலை உள்ளது விதையையும் பூச்சி ஓட்டையும் உடைக்கும், கூட்டைக் காக்கும். இரண்டிலும் இடுப்புக் கணு இரட்டை; உணர்கொம்பின் நுனியில் தடித்த மூன்று கணுக்கள். இந்த இரண்டையும் பார்க்கப் பள்ளியின் டிசெக்ஷன் மைக்ராஸ்கோப்பே போதுமானதாக இருந்தது. சிலந்திகளிலும் இதே கதை. ஓநாய்ச் சிலந்தியில் ஆணின் முகத்தருகே குத்துச்சண்டைக் கையுறை அணிந்தது போன்ற உணர்காலும் மெலிந்த வயிறும் இருக்கும், பெண்ணுக்கு இல்லை. ஆண், பெண், குஞ்சு என்று மூன்று எண்கள் பெற்றிருந்தது ஒரே சிலந்தி. தேயிலையின் வகைப் பட்டியல் சுருங்கத் தொடங்கியது.

சோலைப் பக்கம் நேர்மாறானது நடந்தது. அங்கே ஒரு புட்டியின் சீட்டில் 'பொடிப் பூச்சி' என்று எழுதியிருந்தது. ஒரே எண். கடுகைவிடச் சிறியவை எல்லாம் அதில். உருப்பெருக்கியின் கீழே வைத்ததும் அந்த ஒற்றை எண் உடைந்து சிதறியது. நீள உடல் வில்வால் பூச்சி, உருண்டை உடல் வில்வால் பூச்சி. மெருகேற்றிய வண்டு போல மின்னும், ஆனால் எட்டுக் கால் உள்ள உண்ணிகள் (மைட்). இரண்டு இடுக்கிகளை நீட்டிய, வாலில்லாத பொய்த்தேள். உடல் பக்கவாட்டில் தட்டையாக, குதிக்கும் பழக்கமுள்ள ஒன்று: வெந்த இறால் போலச் சிவந்து கிடந்தது. அது இறாலின் உறவுக்காரர்தான். கடலையும் குளத்தையும் விட்டுச் சருகின் ஈரத்தில் குடியேறிய ஆம்பிபோடா. செத்தால் நிறம் சிவக்கும். 'நண்டு, இறால் வகை நீரில் வாழும்' என்று பாடத்தில் படித்தவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

என் கருத்தில் இந்த ஆய்வின் மையம் இதுதான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைப் பல வகையாகப் பிரிக்கிறோம். சிறியதை ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம். இரண்டு தவறுகளும் ஒரே திசையில் இழுக்கின்றன. திறந்த தரையில் வாழும் பெரிய உயிர்களின் பட்டியல் வீங்குகிறது, சருகுக்குள் வாழும் சிறியவற்றின் பட்டியல் சுருங்குகிறது. அடையாளப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று நம்பி இருந்திருந்தால் முடிவு தவறாகவே நின்றிருக்கும்.

பிறகு மாணவர்கள் தாங்களே தமிழில் ஓர் அடையாளத் திறவுகோல் எழுதினார்கள். இரண்டு விடை மட்டும் உள்ள கேள்விகளின் தொடர். அவர்கள் எழுதிய முதல் கேள்வி 'இறக்கை இருக்கிறதா?' அது உடனே தோற்றது. வேலைக்கார எறும்புக்கு இறக்கை கிடையாது, வண்டின் இறக்கை கடினமான மேலுறைக்குள் மடிந்திருக்கும், பாச்சையின் இளம்பருவத்துக்கு இன்னும் முளைத்திருக்காது. கால் எண்ணிக்கையை முதல் கேள்வியாக்கினோம். அது மேல், ஆனால் அதிலும் பொறி உண்டு. 'ஆறு கால் என்றால் பூச்சி' என்ற பாடநூல் வரி, முட்டையிலிருந்து வெளிவந்த உண்ணியிடம் பொய்த்துப்போகும். அதற்கு அந்தப் பருவத்தில் ஆறு கால்தான். நான்காவது இணை அடுத்த பருவத்தில் வரும். மரவட்டைக் குஞ்சும் பெரும்பாலும் மூன்று இணைக் கால்களோடுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. வில்வால் பூச்சிக்கு ஆறு கால் இருந்தும், வாயுறுப்புகள் தலைக்குள் ஒடுங்கியிருப்பது உள்ளிட்ட காரணங்களால் இன்று அதைப் பூச்சி வகுப்பில் சேர்ப்பதில்லை. 'ஆறு கால்' என்ற விடைக்குப் பிறகு உணர்கொம்பு உண்டா என்ற கேள்வியைச் சேர்த்தார்கள். உண்ணிக்கும் சிலந்திக்கும் உணர்கொம்பு கிடையாது.

அந்த ஆறு கால் உண்ணிக் குஞ்சுகளில் சில வகைகள்தான் மனிதரைக் கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புகின்றன. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு, கூடவே கடும் காய்ச்சல். தமிழ்நாட்டில் இது அரிதான நோயல்ல. புல்லில் உட்காரக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு இதுதான் காரணம். களப்பணிக்குப் பின் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் 'காட்டோரத்தில் வேலை செய்தேன்' என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பெற்றோருக்கும் எழுதி அனுப்பியிருந்தோம்.

மேசையில் அதிக நேரம் பிடித்தது ஒரு மூவர் கூட்டம். மூன்றும் நீளமானவை, மூன்றும் வளைந்து நெளியக்கூடியவை. முதலாவது, மேலுறை குட்டையாகி வயிறு வெளியே தெரியும் ஸ்டஃபைலினிட் வண்டு. வாலைத் தேள் போலத் தூக்கும், இடுக்கி இல்லை. இரண்டாவது, வால் நுனியில் இடுக்கி உள்ள செவிப்பூச்சி. மூன்றாவதற்கும் இடுக்கி உண்டு; ஆனால் உடல் வெளிறியது, கண்ணே இல்லை. அது மண்ணுக்குள்ளேயே வாழும் டிப்ளூரா. வாலை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கிவிடுவார். உடல் வடிவை மட்டும் பார்ப்பவர் முதலிரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். ஒரே அடையாளத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல மூவர் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு எச்சரிக்கை: குட்டை மேலுறை வண்டுகளில் செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த பெடெரஸ் வகையைத் தோலில் வைத்து நசுக்கினால் கொப்புளம் கிளம்பும். கையால் எடுக்கவே கூடாது, ஈரத் தூரிகையால் எடுக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கவசத்தை அடுக்கியது போன்ற தட்டை உடலோடு வந்த ஒன்றை மாணவர்கள் கல்லடியில் வாழும் ஐசோபோடு என்று எழுதினார்கள். ஐசோபோடுக்கு ஏழு இணைக் கால்கள். இதற்கு மூன்றே இணை. அது நத்தைகளைத் தின்று வளரும் மின்மினிப் புழு. பூரானின் கால் இணைகளை எண்ணிய மாணவர் பதினைந்து என்றார், இன்னொரு பூரானில் இருபத்தொன்று. வளர்ந்த பூரானின் கால் இணைகள் எப்போதும் ஒற்றைப்படைதான் என்பதால், சரியாக நூறு கால் உள்ள பூரானைத் தேடி அலைய வேண்டாம் என்றேன். எறும்பைப் போல நடித்து, முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போல உயர்த்திப் பிடிக்கும் சிலந்தி ஒன்று எறும்புப் புட்டியிலேயே தங்கியிருந்தது. கால்களை எண்ணிய பிறகு இடம் மாறியது. தட்டை மரவட்டைகளை உயிருடன் வைத்திருந்த குழு, அவற்றை வேறு உயிர்களோடு ஒரே மூடிய புட்டியில் போடக் கூடாது என்பதையும் தெரிந்துகொண்டது. அந்த வகைகளில் பல ஹைட்ரஜன் சயனைடை வெளியிடுகின்றன. மூடியைத் திறந்தபோது வந்த பாதாம் வாசனை அதுதான்.

மறுபரிசீலனைக்குப் பிறகு வகைகளின் எண்ணிக்கையில் சோலை முந்தியது. ஆனால் உயிர்களின் மொத்த எண்ணிக்கையில் தேயிலை டம்ளர்களே இன்னும் மேலே இருந்தன.

பல்பு

சருகுக்குள் ஒளிந்திருப்பவற்றை வெளியே வரவைக்கும் புனல் கருவிக்கு நூறாண்டுக்கு மேல் வயது. இத்தாலியின் அன்டோனியோ பெர்லேசே 1905-இல் வெந்நீர் சூழ்ந்த புனலைப் பயன்படுத்தினார்; சுவீடனின் ஆல்பர்ட் டுல்கிரன் 1918-இல் வெந்நீருக்குப் பதில் மின்விளக்கை வைத்தார். வேலை செய்யும் விதம் எளிது. புனலின் மேல் வலை, வலையின் மேல் சருகு, அதற்கு மேல் விளக்கு. சருகு மேலிருந்து காயக் காய, ஈரமும் இருட்டும் விரும்பும் உயிர்கள் கீழே இறங்கி, புனல் வழியே ஆல்கஹால் புட்டியில் விழும்.

பஜாரில் ஒரு தகர வேலைக்காரர் புனல்களைச் செய்து கொடுத்தார். மாணவர்கள் ஒன்பது வாட் எல்.இ.டி பல்பை மாட்டினார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் சருகு ஈரமாகவே இருந்தது. புட்டியில் மண்துகள்தான். வெளிச்சம் நிறைய, சூடு இல்லை. இந்தக் கருவிக்கு வேண்டியது மின்சாரத்தை வீணாக்கி வெப்பமாக்கும் பழைய குண்டு பல்பு. அதைப் பெரும்பாலான கடைகள் வைப்பதை நிறுத்திவிட்டன. கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பம் கொடுப்பவர்கள் வாங்கும் கடையில் நாற்பது வாட் பல்புகள் கிடைத்தன. நூறு வாட் போடலாமே என்றார்கள்; வேண்டாம் என்றேன். வேகமாகக் காய்ந்தால், மெதுவாக நகரும் புழுக்களும் சிறு உண்ணிகளும் இறங்குவதற்கு முன் சருகிலேயே செத்துவிடும். மலையின் குளிரில், இடையிடையே மின்வெட்டோடு, ஒரு சுற்று முழுதாகக் காய நாலைந்து நாளானது. மின்சாரமே இல்லாத ஊர்களில் சலித்த சருகைத் துணிப் பைக்குள் வலைப் பையில் தொங்கவிடும் விங்க்ளர் முறை உதவும். எறும்பு ஆய்வாளர்கள் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

இருபத்தைந்து சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் உள்ள சருகு முழுவதையும் எடுத்தோம். தேயிலையில் அது ஒரு கைப்பிடி. சோலையில் ஒரு பை நிறைய. இங்கே மாணவர்களுக்குள் நல்ல சண்டை வந்தது. ஒரே பரப்பிலிருந்து எடுத்தது நியாயமா, ஒரே எடைச் சருகு எடுப்பது நியாயமா? பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் அந்த நிலம் மொத்தம் எவ்வளவு உயிரைத் தாங்குகிறது என்று தெரியும். எடையைக் கொண்டு கணக்கிட்டால் சருகுக்குள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கின்றன என்று தெரியும். இரண்டும் வேறு கேள்விகள். இரண்டுக்கும் பதில் எழுதச் சொன்னேன்.

பரப்பின் கணக்கில் சோலைப் புனல்கள் தேயிலைப் புனல்களை வெகுதூரம் பின்னே தள்ளின. டம்ளர்களில் ஏறக்குறைய காணாமல் போயிருந்த பொய்த்தேளும் டிப்ளூராவும் இறால் உறவுக்காரர்களும் வண்டுப் புழுக்களும் புனலிலிருந்து திரும்பத் திரும்ப வந்தன. எடையின் கணக்கில் இடைவெளி மிகவும் குறைந்தது. அதாவது தேயிலையில் இருக்கும் அந்தக் கொஞ்சம் சருகிலும் உயிர்கள் நெருக்கமாகவே இருந்தன. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

எண்களின் அட்டவணையை இங்கே தரவில்லை. ஒரு பருவத்தில், ஓரிடத்துக்குப் பத்துப் பொறி வைத்த ஆய்வு இது. மாணவர்களின் குறிப்பேட்டில் அந்த எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. அவற்றை நீலகிரி முழுவதற்கும் பேச வைக்கக் கூடாது.

டம்ளர் ஏன் வேறு கதை சொன்னது?

டம்ளரில் விழுவதற்கு ஓர் உயிர் அங்கே வாழ்ந்தால் போதாது. நடந்து வந்து விளிம்பைக் கடக்க வேண்டும். குழிப்பொறி அளப்பது எண்ணிக்கையும் நடமாட்டமும் பெருகிய ஒரு கலவையை. தேயிலையின் இறுகிய, வெயில் படும் தடத்தில் எறும்பும் ஓநாய்ச் சிலந்தியும் வேகமாக ஓடுகின்றன. குளிர் இரத்த உயிர்களுக்குத் தரை சூடானால் கால் வேகம் கூடும். சோலையில் ஒவ்வோர் அங்குலமும் இலை, குச்சி, வேர். அங்கே எல்லோரும் மெதுவாகத்தான் போக முடியும். பலர் மேற்பரப்புக்கு வருவதே இல்லை. தரையின் இந்தத் தடங்கல் பொறியின் பிடிப்பை மாற்றும் என்று கிரீன்ஸ்லேட் 1964-இலேயே தரைவண்டுகளை வைத்துக் காட்டியிருக்கிறார். எங்கள் மாணவி ஒருவர் இன்னும் எளிதாகச் சொன்னார்: "கோத்தகிரி பஸ் நிலையத்தில் நின்று கடந்து போகிறவர்களை எண்ணிவிட்டு, அதுதான் கோத்தகிரியின் மக்கள்தொகை என்று எழுதியிருக்கிறோம், சார்."

அதற்காகக் குழிப்பொறியை ஒதுக்கிவிட முடியாது. இரவில் ஓடும் பெரிய தரைவண்டுகள் புனலில் ஒருபோதும் வரவில்லை. டம்ளரில் மட்டுமே கிடைத்தன. இரண்டு முறைகளும் வேறு வேறு கூட்டத்தைப் பிடிக்கின்றன.

பெயர் எதுவரை?

கைப்பேசிச் செயலிகளைப் பற்றிக் கேட்டார்கள். பட்டாம்பூச்சிக்கும் பறவைக்கும் அவை நன்றாக உதவும். சருகு உயிர்களில் அடையாளம் காலின் கடைசிக் கணுக்களில் இருக்கும், வாயில் இருக்கும், சிலந்தியில் இனப்பெருக்க உறுப்பில் இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் எதுவும் தெரியாது. ஒரே கறுப்பு வண்டுக்கு ஒரே செயலி இரண்டு பெயர் தந்தது. பாதங்களின் கணுக்களை எண்ணினோம். முன், நடு, பின் கால்களில் ஐந்து, ஐந்து, ஐந்து என்றால் தரைவண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து, ஐந்து, நான்கு என்றால் டெனிப்ரியோனிட் என்ற வேறு வண்டுக் குடும்பம். எங்கள் வண்டின் பின்காலில் நான்குதான் இருந்தன. செயலி சொன்ன இரண்டு பெயர்களும் தரைவண்டுகளின் பெயர்கள்.

எனவே ஓர் ஒழுங்கு வைத்தோம். வண்டு, சிலந்தி என்றால் குடும்பம் வரை. எறும்பு என்றால் பேரினம் வரை. உண்ணி, வில்வால் என்றால் வரிசையோடு நிறுத்திக்கொண்டு வகை எண் மட்டும். இளம் உயிர்களுக்குத் தனித் தட்டு. தென்னிந்திய எறும்புகளுக்கு 1851-இலேயே ஜெர்டன் பட்டியல் வெளியிட்டிருக்கிறார், பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பள்ளி மேசையில் இனப் பெயர்வரை எழுதினால் அது பெரும்பாலும் ஊகமாகவே இருக்கும். சான்று உள்ள இடத்தில் நிறுத்திக்கொண்ட பட்டியலை நாளை ஒரு நிபுணர் தொடர முடியும். ஊகம் கலந்த பட்டியலை அவர் முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்த சுற்று

புட்டிகள் இப்போது பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில், வகை எண் வரிசையில், ஆல்கஹால் குறைந்தால் நிரப்பும் பொறுப்பு ஒரு குழுவுக்கு என்ற ஏற்பாட்டோடு இருக்கின்றன. தமிழ்த் திறவுகோல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அடுத்த வகுப்பு அதைத் திருத்தும்.

தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் டம்ளர்களைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: "கவாத்து வெட்டிய வருடம் வந்திருக்க வேண்டும். அப்போது கீழே பூரானும் வண்டுமாக இருக்கும்." கவாத்தின்போது வெட்டிய கிளையும் இலையும் செடியடியிலேயே கிடக்கும்; தேயிலைத் தரையில் திடீரென்று ஒரு சருகு அடுக்கு உருவாகும். எடைக் கணக்கில் இடைவெளி குறைந்ததோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், வேறுபாட்டுக்குக் காரணம் தேயிலைச் செடியா, சருகு இல்லாமையா என்ற கேள்வி எழுகிறது. அந்தத் தோட்டத்தின் கீழ்ப் பகுதியில் வரும் ஆண்டு கவாத்து செய்யப்போவதாக உரிமையாளர் சொன்னார். வெட்டிய தழையை அப்படியே விட்ட சில வரிசைகள், தழையை அகற்றிய சில வரிசைகள், பக்கத்தில் சோலை. மூன்றிலும் டம்ளரும் புனலும் ஒன்றாகவே வைக்கப்படும். முதல் சுற்றின் வகை பிரிப்பை இரண்டு குழுக்கள் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியே செய்து, பட்டியல்களை ஒப்பிட்ட பிறகே எண்ணத் தொடங்குவது என்று மாணவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். குண்டு பல்புகள் ஒரு டஜன் வாங்கி வைத்தாகிவிட்டது.